மூக்கோரம் மட்டும் ஃபவுண்டேஷன் திரிகிறது, உதவுங்கள்

சென்னையில் வரவேற்பு மேசை வேலை. காலை 8 மணிக்கு மேக்கப் போட்டால், 11 மணிக்கெல்லாம் மூக்கின் இரண்டு பக்கமும் பால் திரிந்த மாதிரி பிரிந்து நிற்கிறது. கன்னம் அப்படியே இருக்கிறது. நெற்றி வேறு ஒரு ஷேடு கறுத்துவிடுகிறது. சன்ஸ்கிரீன், ப்ரைமர், அப்புறம் ஃபவுண்டேஷன், இதுதான் வரிசை. ஸ்கூட்டியில் 20 நிமிடப் பயணம், ஹெல்மெட் உண்டு.

பதில் 1:
இரண்டு டப்பாவின் பின்பக்கமும் முதல் ஐந்து பொருள்களைச் சொல்லுங்கள் சிஸ்.

கேட்டவர்:
ப்ரைமரில் முதலிலேயே டைமெத்திகோன், அதாவது ஒரு சிலிகோன். ஃபவுண்டேஷனில் தண்ணீர், கிளிசரின். கடைசிவரை தேடியும் சிலிகோன் எதுவும் இல்லை.

பதில் 1:
அதுதான் சந்தேகம். சிலிகோன் பூச்சின் மேல் தண்ணீர்ச் சரக்கு சரியாக ஒட்டாது, வாழையிலையில் நீர் உருளுவது போலத்தான். ஆனால் தண்ணீர் முதலில் இருந்தாலே வாட்டர் பேஸ் என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டாவது மூன்றாவது இடத்தில் சைக்ளோபென்டாசிலாக்ஸேன் இருந்தால் அநேகமாக அது சிலிகோன் வகை.

நீண்ட நேரம் நிற்கும் ஃபவுண்டேஷன்களில் பெரும்பாலும் ஐசோடோடெக்கேன், ட்ரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட் இரண்டும் இருக்கும். முதலாவது ஆவியாகிப் போய்விடும். இரண்டாவது ஒரு பிசின், நிறத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாகத் தங்கிவிடும். தண்ணீருக்கு அசையாது. எண்ணெய்தான் அதற்கு எமன். சன்ஸ்கிரீனிலும் எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் அது காயப் பத்து நிமிடம் விடுங்கள். அளவைக் குறைக்க வேண்டாம்.

நாளைக்கு முகத்தின் ஒரு பாதியில் மட்டும் ப்ரைமர் இல்லாமல் போட்டுப் பாருங்கள். புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

பதில் 2:
நெற்றி கறுப்பதை எல்லாரும் ஆக்ஸிடைஸ், அதாவது காற்றின் ஆக்ஸிஜன் சேர்ந்து நிறம் மாறுவது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறம் தருவது அயர்ன் ஆக்ஸைடு. பெயரிலேயே இருக்கிறது, ஏற்கெனவே ஆக்ஸிஜன் சேர்ந்த பொருள். முகத்து எண்ணெயில் நிறத்தூள் ஊறுவதுதான் முக்கியக் காரணம். நனைந்த துணி கறுத்துத் தெரிகிறதே, அந்தக் கதை. சிலிக்கா உள்ள பவுடர் எண்ணெயை உறிஞ்சும்.

கேட்டவர்:
இன்று இடது பாதியில் ப்ரைமர் போடவில்லை. மதியம் 2 மணி வரை அந்தப் பக்கம் மூக்கோரம் பிரியவே இல்லை! வலது பக்கம் வழக்கம்போலத் திரிந்துவிட்டது. நெற்றி மட்டும் இரண்டு பக்கமும் கறுக்கிறது. டிஷ்யூ ஒற்றினால் கொஞ்சம் தெளிகிறது.

பதில் 2:
தெளிகிறதென்றால் எண்ணெய்தான். முதலில் ஒற்றி எடுங்கள், அப்புறம் பவுடர். பிசுக்கின் மேலேயே அப்பினால் மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும்.