கிடங்கு ரோபோக்களுக்குத் தலைமைக் கணினி எதற்கு?

கார்முகில்:
கிடங்கு ரோபோக்கள் செய்யும் கீவா நிறுவனத்தை அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த ரோபோக்கள் அலமாரிக்கு அடியில் நுழைந்து, அப்படியே தூக்கி, சரக்கு எடுப்பவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுவருகின்றன. எந்த அலமாரி யாரிடம் போகவேண்டும் என்பதை மைய மென்பொருள்தான் சொல்கிறது. அது முடங்கினால் தளமே முடங்கும். 2014-ல் ஹார்வர்டில் மைக்கேல் ரூபன்ஸ்டீன், ராதிகா நாக்பால் குழுவினர் கிலோபாட் என்ற குட்டி ரோபோக்கள் 1,024-ஐ ஒரு பரப்பில் விட்டார்கள். ஒவ்வொன்றும் 3 செ.மீ. சொச்சம் அகலம், குச்சிக்கால்களில் அதிர்ந்து அதிர்ந்து நகரும். பக்கத்தில் இருப்பதோடு மட்டும் அகச்சிவப்பு ஒளியில் பேசிக்கொண்டு நட்சத்திர வடிவில் வந்து நின்றன. மேய்க்க ஆளே இல்லை. இதைத் தொழிற்கூடத்துக்குக் கொண்டுவர ஏன் இத்தனை தயக்கம்?

பாலைத்திணை:
அந்த நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனதையும் சேர்த்துச் சொல்லுங்கள் நண்பரே. தொடங்கும் இடத்தைக் காட்ட 4 ரோபோக்களைத் தனியே வைத்தார்கள். வடிவத்தின் படமும் எல்லாவற்றிலும் முன்பே ஏற்றப்பட்டிருந்தது. கிடங்கிலோ மாலை லாரி கிளம்புவதற்குள் சரக்கு ஏறியாகவேண்டும். ஒரே அலமாரியில் மூன்று ஆர்டருக்கான பொருள் இருந்தால் ஒரே நடையில் முடிக்கலாம். அது பக்கத்து ரோபோவுக்கு எப்படித் தெரியும்?

கார்முகில்:
மையக் கணினி முழுத்தளத்தையும் பார்த்து என்ன பயன்? லண்டன் எரித்தில், இணையத்தில் மளிகை விற்கும் ஒகாடோவின் கிடங்கில் 2021 ஜூலையில் மூன்று ரோபோக்கள் மோதித் தீப்பிடித்ததே.

பாலைத்திணை:
உண்மை. ஆனால் தலைமை இல்லாமல் ரோபோக்கள் கூட்டமாக இயங்கும் ஸ்வார்ம் முறையில் அது நடந்திருக்காது என்பதற்கு என்ன ஆதாரம்? பிரிஸ்டலில் ரோபோ ஆராய்ச்சியாளர் ஆலன் வின்ஃபீல்டும் அவருடைய சகாவும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். விளக்கை நோக்கி நகரும் கூட்டத்தில் ஒரு ரோபோ அடியோடு செத்துப்போனால் பெரிய சிக்கலில்லை, மற்றவை அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சக்கரம் மட்டும் நின்று, சிக்னல் உயிரோடு இருந்தால்தான் வினை. அது தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும், மற்றவை அதை விட்டு விலக மாட்டாமல், நங்கூரம் பாய்ச்சிய படகுபோலக் கூட்டமே அங்கே கட்டுண்டு கிடக்கும். பாதிப் பழுது முழுப் பழுதைவிட மோசம். மையக் கணினி இருந்தால் நகராததைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வேலையைத் தொடரலாம்.

நெய்தல்நிலா:
ரெண்டு பேரும் கிடங்கை விட்டு வெளியே வரவே இல்லையே. டிராக்டர் செய்யும் ஜெர்மனியின் ஃபெண்ட் நிறுவனம் மக்காச்சோளம் விதைக்க ஸாவர் என்ற ரோபோக்களை உருவாக்கியது. ஒன்று சுமார் 50 கிலோதான், டன் கணக்கான டிராக்டர் ஏறி மண் இறுகும் தொல்லை இல்லை. ஒன்று நின்றுபோனால் அதன் பங்கை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். திட்டம் போடுவது கிளவுட் கணினிதான், இருக்கட்டுமே. ஒற்றை டிராக்டர் மக்கர் பண்ணினால் அன்றைய விதைப்பே போச்சு. ஈரம் காய்வதற்குள் விதை மண்ணுக்குள் போகணும், விவசாயிக்கு அதுதான் கவலை. யார் முடிவெடுப்பது என்பதெல்லாம் அப்புறம்.

கார்முகில்:
அப்புறம் இல்லைங்க. ரோபோக்களுக்கு நடுவே ஆள் இறங்கும்போது அதுதான் முதல் கேள்வி. அமேசான் தளத்தில் கீழே விழுந்த பொருளை எடுக்கப் போகிறவர், முன்பெல்லாம் தான் நடக்கப்போகும் கட்டங்களை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டியிருந்தது. பிறகு சிக்னல் அனுப்பும் பட்டை வந்தது. இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொண்டு இறங்கினால், ரோபோ தூரத்திலேயே ஆளை உணர்ந்து விலகி வழி மாற்றிக்கொள்ளும். மனித உயிர் என்று வரும்போது அந்த இடத்தில் இருக்கும் ரோபோவின் உணர்வைத்தானே நம்புகிறார்கள்?

பாலைத்திணை:
நிற்பதையும் விலகுவதையும் ரோபோவிடம் விடலாம், மறுக்கவில்லை. எந்த வேலைக்கு எது போகவேண்டும் என்பதை விட முடியாது. நாளைக்கு ஒரு ரோபோ ஆள் காலில் ஏறினால், இந்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று விபத்தை விசாரிக்கும் ஆய்வாளர் கேட்பார். ஆயிரம் ரோபோக்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தன என்று பதில் சொன்னால் அடிபட்டவருக்கு யார் பொறுப்பு? எந்த ரோபோ எந்தச் செய்தியைக் கேட்டு நகர்ந்தது என்பது ஒன்றுவிடாமல் பதிவாகும் ஸ்வார்ம் முறை ஒன்றைக் காட்டுங்கள், மேற்கொண்டு பேசலாம்.