ஓனர் சொன்னா மட்டும் போதுமா?

நான்: டவுன்டவுன்ல வாடகைக்கு ஒரு காண்டோ கிடைச்சிடுச்சு, அடுக்குமாடில ஒரு வீடு! 22வது மாடி. ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். ஓனர் இன்னைக்கு ராத்திரிக்குள்ள அட்வான்ஸ் அனுப்பச் சொல்றாரு.

அம்மா: 22வது மாடியா? லிஃப்ட் நின்னு போச்சுன்னா என்னப்பா பண்ணுவ?

அக்கா: பணம் அனுப்பிட்டியா? முதல்ல அதைச் சொல்லு.

நான்: இன்னும் இல்லக்கா.

அக்கா: அனுப்பாத. நேர்ல பார்த்தியா?

நான்: நேத்து மத்தியானம் போனேன். ஹால்ல ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, மேற்கு பார்த்தது. ஊரே தெரியுது. பூனைங்க ரெண்டையும் கூட்டிட்டு வான்னு ஓனரே சொல்லிட்டாரு.

அக்கா: ஓனர் சொன்னா மட்டும் போதாதுடா. காண்டோல அவருக்குத் தனியா சொந்தம் அந்த வீடுதான். லாபி, லிஃப்ட், வராண்டா எல்லாம் எல்லா ஓனருக்கும் பொது. அதை நடத்துறது ஓனருங்க எல்லாரும் சேர்ந்த அசோசியேஷன். அவங்க போட்ட ரூல்ஸ் ஓனருக்கும் உண்டு, வாடகைக்கு வர்ற உனக்கும் உண்டு. கையெழுத்துக்கு முன்னாடி ரூல்ஸ் புக்கை வாங்கிப் படி.

அக்கா: நான் படிக்காமப் போய் பட்ட பாடு தெரியும்ல? சாமான் வண்டியோட வாசல்ல நிக்கிறேன், செக்யூரிட்டி உள்ள விடல. குடி வர்றதுக்கு லிஃப்டை முன்னாடியே புக் பண்ணணுமாம். ஓனர் ஒரு வார்த்தை சொல்லல. மெத்தையை ரோட்டோரமா சாத்தி வச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிடந்தேன்.

அம்மா: அன்னைக்கு அழுதுக்கிட்டே போன் பண்ணினா பாவம்.

சித்தப்பா: தம்பி, "இன்னைக்கே அனுப்பு"ன்னு அவசரப்படுத்தினாலே நிதானிக்கணும். விற்பனைக்குப் போட்ட வீட்டுப் படத்தை எடுத்து, நான்தான் ஓனர்னு சொல்லி ஏமாத்துறவங்க இருக்காங்க. வீட்டுப் பத்திரத்துல அவர் பேர் இருக்கான்னு பாரு. பராமரிப்புக் கட்டணம் அவர் கட்டுறாரா, உன் தலையில வருதாங்கறதும் ஒப்பந்தத்துல எழுத்துல இருக்கணும். தண்ணி, கரண்டுக்குத் தனி மீட்டரா?

நான்: அதெல்லாம் கேக்கலையே சித்தப்பா.

அக்கா: மேற்கு கண்ணாடின்னியே, சாயங்கால வெயில் மொத்தமும் உள்ளதான் இறங்கும். ஹீட்டிங், கூலிங் எப்படின்னு கேளு. சில கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் ஒரே ஜோடி பைப்புதான். குளிர் காலத்துல அதுல சுடுதண்ணி ஓடும், வெயில் காலத்துல குளிர்ந்த தண்ணி. எப்ப மாத்தணும்னு நிர்வாகம்தான் முடிவு பண்ணும். சீசன் மாறுறப்ப திடீர்னு வெயில் அடிச்சா உன் வீட்டு ஸ்விட்சைத் தட்டி ஒண்ணும் ஆகாது. நான் ஒரு வாரம் ஜன்னல் பக்கமே படுக்க முடியாம கிடந்தேன். சுடுதண்ணிக்கு ஒரு ஜோடி, குளிர்ந்த தண்ணிக்கு ஒரு ஜோடின்னு 4 பைப் போற கட்டடம்னா அந்தக் கவலை இல்ல, எப்ப வேணும்னாலும் எது வேணுமோ போட்டுக்கலாம்.

அத்தை: மத்தியானம் பார்த்தா வீடு அமைதியாத்தான் இருக்கும். ராத்திரி போய்ப் பாரு கண்ணு.

அக்கா: ஆமா. படுக்கையறையில கதவைச் சாத்திட்டு 10 நிமிஷம் பேசாம நில்லு.

நான்: சரி, இப்பவே ஓனரைக் கேக்குறேன்.

(இரவு 9:40)

நான்: போயிட்டு வந்தேன். குப்பை போடுற குழாய், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போகுது. யாரோ பாட்டில் போட்டாங்க, மேலருந்து கீழ வரைக்கும் கடகடன்னு சத்தம். நின்ன நேரத்துக்குள்ள 4 தடவை.

அம்மா: அங்க எப்படிப்பா தூங்குவ?

நான்: ரூல்ஸ் புக்கும் வாங்கிட்டேன்மா. ஒரு வீட்டுக்கு ஒரு பிராணிதான்னு போட்டிருக்கு. ஓனருக்கே அது தெரியல. "யாரு வந்து எண்ணப் போறா"ங்கிறாரு.

அக்கா: எண்ணினா நோட்டீஸ் உனக்கும்தான் வரும். ஒண்ணை எங்கயாவது விடணும்.

நான்: அது முடியாதுக்கா. 6 வருஷமா ரெண்டும் ஒண்ணாவே வளர்ந்ததுங்க. வேணாம்னு சொல்லிட்டேன். பணம் அனுப்பல.

அம்மா: நல்ல வேளை.

சித்தப்பா: பத்திரம் காட்டினாரா?

நான்: காட்டினாரு சித்தப்பா, அவர் பேர்லதான் இருக்கு. நல்ல மனுஷன்தான், ரூல்ஸ் படிக்காதவர், அவ்வளவுதான். சனிக்கிழமை ரெண்டு தெரு தள்ளி இன்னொண்ணு பாக்கப் போறேன், 7வது மாடி.

அக்கா: நானும் வர்றேன். அந்தக் கட்டடத்து ரூல்ஸை முன்னாடியே வாங்கி இங்க போடு, வெள்ளிக்கிழமைக்குள்ள படிச்சிடுறேன்.

நான்: கேட்டிருக்கேன்கா. வந்ததும் போடுறேன்.