மறுமொழி: பிரிந்த நாடு ஒன்றாவதற்குச் சொல்: 'மறு ஒருங்கிணைப்பு' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

அரசறிவியல் சொற்பட்டியலில் 'ரீயூனிஃபிகேஷன்' என்பதற்கு நேரே 'மறு ஒருங்கிணைப்பு' என்று இருக்கிறது. அதை நீக்கிவிட வேண்டுகிறேன். 'ஒருங்கிணைப்பாளர்' என்றால் நிகழ்ச்சியை நடத்துபவர் என்றுதான் இன்று பொருள். இரண்டு அரசுகள் ஒன்றாவதை அந்தச் சொல் தாங்காது. என் முன்மொழிவு: மீளிணைவு.

'இணைப்பு' வேண்டாம். இணைப்பு என்றால் இணைக்கிற கை ஒன்று இருக்கிறது. 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் படையிடம் வீழ்ந்தது, 1976 ஜூலை 2 அன்று வியட்நாம் ஒரே குடியரசானது, அது இணைப்பு. ஜெர்மனியில் நடந்தது வேறு. மேற்கு ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருந்தன. 146ஆம் பிரிவின்படி போனால் இரு தரப்பும் புதிய அரசமைப்பை எழுத வேண்டும். 23ஆம் பிரிவின்படி போனால் கிழக்கு அப்படியே மேற்கின் சட்டத்துக்குள் வந்துவிடலாம். 1990 ஆகஸ்ட் 23 அன்று கிழக்கின் மக்களவை 294 வாக்குகளால் இரண்டாவதைத் தேர்ந்தது. இதற்குச் 'சேர்வு' என்ற துணைச்சொல்லும் வேண்டும்.

—

ஐயா, வணக்கம்.

> என் முன்மொழிவு: மீளிணைவு

தானாக ஆவது 'இணைவு', ஒருவர் செய்வது 'இணைப்பு' என்ற -வு, -ப்பு வேறுபாட்டை முழுமையாக ஏற்கிறேன். என் தடை 'மீள்' மேல்தான். முன்பு ஒன்றாக இருந்தது, திரும்பவும் ஆகும் என்ற நம்பிக்கையை அது சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. ஒன்றாக முடியுமா என்று ஐயுறுகிறவர் எந்தச் சொல்லால் எழுதுவார்? கொரியர் சொல்லும் 'தோங்கில்' வெறும் ஒன்றாதல்தான். அதில் 'மீள்' இல்லை.

ஏமனைப் பாருங்கள். தெற்கின் துறைமுக நகரான ஏடன் 1839இலேயே பிரிட்டன் கைக்குப் போனது. வடக்கை ஆண்டவர்கள் ஓட்டோமான்கள், பிறகு சமயத் தலைவர்களான இமாம்கள். எந்த நிலைக்கு மீள்வது? 1990 மே 22 அன்று இரு ஏமன்களும் ஒன்றாயின. ஐவர் தலைமைக் குழுவில் வடக்குக்கு 3 இடம், தெற்குக்கு 2. கொடி ஒன்று, தலைநகர் ஒன்று, நாடாளுமன்றம் ஒன்று. படை மட்டும் இரண்டு! தெற்கின் படைப்பிரிவுகள் வடக்கிலும், வடக்கின் பிரிவுகள் தெற்கிலும் போய் நின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் பழைய தளபதிக்கே கட்டுப்பட்டது. 1994 ஏப்ரல் இறுதியில் வடக்கே அம்ரானில் டாங்கிகள் மோதின. மே 21 அன்று தெற்குப் பிரிவினையை அறிவித்தது. ஜூலை 7 அன்று ஏடன் விழுந்தது. 1990இல் கையெழுத்தால் ஆனதை 'இணைவு' என்றால், 1994இல் பீரங்கியால் ஆனது 'இணைப்பு'. நம் பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பதிவாக வர வேண்டும்.

'மீள்' இல்லாமல் 'நாட்டிணைவு' என்று வைப்போமா?

—

இருவருக்கும் வணக்கம்.

'நாட்டிணைவு' சைப்ரஸில் பொருளைத் தலைகீழாக்கிவிடும். அங்கே 'ஏனோசிஸ்' என்றால் கிரேக்கத்தோடு இணைவது. அந்த முழக்கம்தான் பிளவுக்கே ஒரு காரணம். 2004 ஏப்ரல் 24 வாக்கெடுப்பில் துருக்கிய சைப்ரியர் சுமார் 65 விழுக்காடு ஆம் என்றார்கள். கிரேக்க சைப்ரியர் சுமார் 76 விழுக்காடு இல்லை என்றார்கள். அவர்கள் மறுத்தது ஏனோசிஸை அல்ல, தீவு ஒரே கூட்டாட்சியாவதை. 1960இல் ஒரு குடியரசாகத் தொடங்கிய தீவுக்கு 'மீள்' பொருந்தும். ஆகவே முன்பு ஓர் அரசு இருந்த இடத்தில் மீளிணைவு, மற்ற இடத்தில் ஒன்றாதல். பொதுத் தலைப்புக்கும் ஒன்றாதலே நல்லது. 'ஒன்றாகுமா' என்று கேட்க அது இடம் கொடுக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது 'கூட்டமைப்பு'. 2000 ஜூன் 15 கொரியக் கூட்டறிக்கையின் 2ஆம் கூறு, தெற்கு சொல்லும் கான்ஃபெடரேஷனுக்கும் (தனித்தனி அரசுகளாகவே நின்று சேரும் கூட்டு) வடக்கு சொல்லும் தாழ்நிலை ஃபெடரேஷனுக்கும் (மைய அரசுக்குக் குறைந்த அதிகாரமே உள்ள கூட்டாட்சி) பொதுத்தன்மை உண்டு என்கிறது. இரண்டையும் கூட்டமைப்பு என்றே எழுதினால் அந்தக் கூறுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. முதலாவதற்கு 'அரசுக்கூட்டு', இரண்டாவதற்குத் 'தாழ்நிலைக் கூட்டாட்சி' என்று எழுதலாம். வடக்கின் திட்டத்திலும் படையும் வெளியுறவும் இரு அரசுகளிடமே இருக்கும். பெயர்தான் கூட்டாட்சி, உள்ளடக்கம் அரசுக்கூட்டு. அதற்காகப் பெயரை நாம் திருத்தக் கூடாது. பெயரை அப்படியே தந்து, படை யாரிடம், வெளியுறவு யாரிடம் என்பதை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்ப்போம். 2023 இறுதியில் வடக்கு ஒன்றாதலையே கைவிட்டு, இரண்டும் பகை நாடுகள் என்று அறிவித்துவிட்டது. அதையும் அந்தப் பதிவில் ஆண்டோடு குறிக்க வேண்டும்.