சிற்றூர்க் கபடித் திடலுக்கு நிதி கேட்பது எப்படி?

கேள்வி: பொருநைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்தி வருகிறோம். பையன்களோடு பெண்பிள்ளைகளும் கபடி பழகுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் தாய்மார் பீடி சுற்றுகிறார்கள், தகப்பன்மார் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். ஆகவே வரி பிரித்துத் திடல் அமைப்பது நடவாத காரியம். இப்போது குளத்து உள்வாயில் மண்ணைக் கொத்தி, முள் பொறுக்கி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஆடுகிறோம். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் குளம் வற்றும் வரை அங்கே கால் வைக்க இயலாது. உதவி கேட்டுப் போன தனியார் நிறுவனம் ஒன்று, மன்றம் பதிவு பெறவில்லை என்று மனுவைத் திருப்பிவிட்டது. திடல், விளக்குகள், பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை ஆகியவற்றுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

மறுமொழி: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்

தம்பி, பணத்தைத் தேடுவதற்கு முன் இடத்தைத் தேடுங்கள். குளத்து உள்வாய் நீர்நிலைப் புறம்போக்கு என்பதால், எந்த நிதியிலிருந்தும் அங்கே நிலையான திடல் கட்ட அனுமதி கிடைக்காது. நீதிமன்றத் தீர்ப்புகளும் அதில் கடுமையாகவே இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யார் பெயரில், என்ன வகை என்று காட்டும் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் பார்த்து, ஊராட்சியின் பொறுப்பில் வேறு இடம் உண்டா என்று கேளுங்கள். ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான். பெண்களுக்கு 12க்கு 8. சுற்றிலும் நான்கு மீட்டர் விட்டாலும் பத்துச் சென்டுக்குள் அடங்கிவிடும். கால்பந்துக்கு ஏக்கர் கணக்கில் இடம் கேட்பதைப் போன்ற சிக்கல் உங்களுக்கு இல்லை. கபடி வீரர் மணத்தி கணேசனை அர்ஜுனா விருது வரை கொண்டுபோன ஆட்டம் இது. நம் சீமைச் சிற்றூர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.

மறுமொழி: ஊராட்சிப் பணியில் இருந்தவன்

ஆசிரியர் ஐயா சொன்னதே முதற்படி. இடம் முடிவானதும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் சபை கூடும். அந்தத் தீர்மானத்தோடு சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் அணுகலாம். சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. பின்னதில் 15 விழுக்காடு பட்டியல் இன மக்கள் வாழும் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் அதில் வருமானால் மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள், ஏனெனில் அந்த ஒதுக்கீட்டைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நமக்கு நாமே திட்டமும் உண்டு. ஆனால் மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும் என்பதால், வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் முன்வந்தால் ஒழிய பீடி சுற்றும் குடும்பங்களை அதில் இழுத்துவிடாதீர்கள்.

நிறுவனம் திருப்பியனுப்பியதில் அதிசயமில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி சமூகப் பொறுப்புப் பணிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையைப் பதிவு பெறாத மன்றத்திடம் கொடுக்க முடியாது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்துகொள்ளுங்கள். அதன்பின் அறப்பணி அமைப்புகளுக்கான வருமான வரிப் பதிவுகளும் (12ஏ, 80ஜி என அறியப்படுபவை) வேண்டியிருக்கும். நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கிராமப்புற விளையாட்டுகளுக்கான பயிற்சியையே குறிப்பிடுகிறது. எனவே திடலை அரசு நிதியில் கேளுங்கள். பயிற்றுநர் ஊதியம், காலணி, போட்டிக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை நிறுவனத்திடம் கேளுங்கள். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதால், பக்கத்தில் இருப்பதையே முதலில் அணுகுங்கள்.

மறுமொழி: பாளையங்கோட்டைப் பயிற்றுநர்

அண்ணாச்சிமார் இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஒன்றில் மட்டும் அழுத்தம் தருகிறேன். மதிப்பீடு போடும்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது கழிப்பறையும் உடை மாற்றும் அறையும்தான். அவை இல்லாமல் திடல் வந்தால், வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பாதி அணி கலைந்துபோகும். ஆகவே திடலையும் அறையையும் ஒரே மதிப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள், இரண்டாம் கட்டம் என்று தள்ளிவைக்க இடங்கொடாதீர்கள். விளக்குக்கான மின்கட்டணத்தை ஊராட்சி ஏற்கும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். கட்டணம் கட்ட ஆளில்லாமல் இருண்டு கிடக்கும் திடல்களை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் பரப்பும் மெத்தை விரிப்புக்கு இப்போது ஆசைப்பட வேண்டாம்: கூரை இல்லாத இடத்தில் அது வெயிலிலும் மழையிலும் வீணாகிவிடும். பிள்ளைகளின் பெயர், வயது, ஆடிய போட்டிகள் அடங்கிய பட்டியலோடு அண்ணா விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் ஒருமுறை பாருங்கள்.

மறுமொழி: பொருநைக்கரையான்

மூவருக்கும் நன்றி. நூலகத்தை ஒட்டி ஊராட்சி இடம் ஒன்று இருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். திங்கள்கிழமை கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் புல எண்ணை எழுதி வந்து இங்கே தெரிவிக்கிறேன்.