மெல்பன் ஓரத்துல மனை வாங்குறவங்களுக்கு: தீ வரி, புல் நோட்டீஸ், இன்னும் சில

டார்னீட், மிக்கிள்ஹாம், வொல்லர்ட் பக்கம் மனை வாங்கிட்டு வீடு கட்டக் காத்திருக்கிற நம்ம ஆளுங்க நிறைய. ஸ்கூல் ஜோன், ரயில், லோன் வட்டி எல்லாம் விசாரிப்பாங்க, தீயைப் பத்தி மட்டும் கேட்க மாட்டாங்க. அது காட்டுக்குள்ள வீடு வச்சவங்க பாடுன்னு நினைப்பு. இங்க காடு இல்லைதான். ஆனா ஜனவரி இங்க கோடை, இடுப்பளவு காய்ஞ்ச புல் இருக்கு, வடக்கேயிருந்து அனல் காத்து வருது. அந்த நாள்ல புல்லுல பிடிச்ச தீயை ஓடி ஜெயிக்க முடியாது.

முதல்ல கவுன்சில் (உள்ளாட்சி) அனுப்புற ரேட்ஸ் நோட்டீஸை, அதாவது சொத்து வரி பில்லை எடுங்க. அதுல 'எமர்ஜென்சி சர்வீசஸ் அண்ட் வாலன்டியர்ஸ் ஃபண்ட்'னு ஒரு வரி இருக்கும். கவுன்சிலைத் திட்டாதீங்க, அவங்க வசூல் பண்ணிக் கொடுக்கிறவங்க மட்டும்தான், பணம் விக்டோரியா அரசுக்குப் போகுது. முன்னாடி இந்தக் காசை இன்ஷூரன்ஸ் பிரீமியத்தோட சேர்த்துப் பிடிச்சாங்க. இன்ஷூரன்ஸ் போட்டவன் கட்டுவான், போடாதவன் வீட்டுக்கும் அதே தீயணைப்பு வண்டி வரும். 2009 பிப்ரவரி 7 'பிளாக் சாட்டர்டே' தீயில 173 பேர் செத்த பிறகு உட்கார்ந்த ராயல் கமிஷன் (அரசு விசாரணைக் குழு), இது நியாயமில்லைன்னு சொல்லுச்சு. 2013ல சொத்து வரியா மாத்தினாங்க. 2025 ஜூலை 1ல இருந்து பேரும் மாறி, வீடுகளுக்கான விகிதமும் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. இப்ப அந்தக் காசுல தீயணைப்பு மட்டுமில்ல, வெள்ளம் புயலுக்கு வர்ற எஸ்.இ.எஸ்., அவசர உதவிக்கான 000 அழைப்பு மையம் எல்லாமே ஓடுது.

வறட்சியில தவிச்சுக்கிட்டிருந்த விவசாயிங்க தலையிலயும் இந்த வரி ஏத்தத்தை வச்சப்பதான் பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. கிராமப்புறத்துல தீயணைக்கிற சி.எஃப்.ஏ.ல பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான், அதுல விவசாயிங்க ஏராளம். தீயணைக்க வர்றவங்ககிட்டயே அதுக்கு வரியை ஏத்தினா கோபம் வராதா? அரசு அவங்களுக்கான உயர்வை நிறுத்தி வச்சுது. சி.எஃப்.ஏ., எஸ்.இ.எஸ். தன்னார்வலர்களுக்கு இந்த வரியில சலுகையும் உண்டு, சேர நினைக்கிறவங்க விசாரிச்சுப் பாருங்க.

காசுதான் கட்டியாச்சே, வண்டி வந்துடும்னு இருக்காதீங்க. வீட்டுக்கு ஒரு வண்டி வரும்னு சி.எஃப்.ஏ. எங்கேயும் சொல்லல, எதிர்பார்க்காதீங்கன்னுதான் சொல்லுது. அரசு, கவுன்சில், வீட்டுக்காரர் மூணு பேருக்கும் பொறுப்பு உண்டுங்கிறதுதான் அந்தக் கமிஷனுக்கு அப்புறம் இங்க கொள்கை. உங்க பங்கு தபால்ல வரும்.

அதுக்குப் பேர் 'ஃபயர் பிரிவென்ஷன் நோட்டீஸ்', தீத்தடுப்பு உத்தரவு. காலி மனையில புல் வளர்ந்து கிடந்தா கவுன்சில் ஆய்வாளர் பார்த்துட்டு அனுப்புவார். இன்ன தேதிக்குள்ள வெட்டணும், வழக்கமா 10 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கணும்னு போட்டிருக்கும். வெட்டலைன்னா அவங்களே ஆள் விட்டு வெட்டி அந்தக் கூலியையும், கூடவே ஏறக்குறைய 2000 டாலர் அபராதத்தையும் உங்க தலையில கட்டிடுவாங்க. இந்த நோட்டீஸ் கவுன்சில் பதிவுல இருக்கிற விலாசத்துக்குத்தான் போகும். வாடகை வீடு மாறினா, லைசென்ஸ்ல விலாசம் மாத்துற அன்னிக்கே கவுன்சில்லயும் மாத்திடுங்க. தீ சீசனுக்கு முன்னாடி, அக்டோபர் கடைசியில ஒரு தடவை மனையை நேர்ல போய்ப் பாருங்க.

மனை இன்னும் வாங்கலைன்னா, விக்கிறவர் தர்ற செக்‌ஷன் 32 பத்திரத்துல 'புஷ்ஃபயர் புரோன் ஏரியா'வான்னு (காட்டுத்தீ அபாயப் பகுதியான்னு) பாருங்க. ஆமான்னு இருந்தா புது வீட்டைக் குறைஞ்சது பி.ஏ.எல். (தீயோட தாக்குதல் அளவு) 12.5 தரத்துல கட்டணும். மேல 19, 29, 40னு ஏற ஏற ஜன்னல், வலை, கதவு எல்லாத்துக்கும் செலவு கூடும். பில்டர் சொல்ற 'ஃபிக்ஸட் பிரைஸ்'ல இது அடங்குதான்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்குங்க.

தீ எச்சரிக்கை தர்ற விக்எமர்ஜென்சி ஆப் போனுல இருக்கட்டும். தீ அபாய அளவு 2022 செப்டம்பர்ல இருந்து நாடு முழுக்க நாலே படிதான்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக். கடைசிப் படின்னா முந்தின ராத்திரியோ விடியக்காலையோ கிளம்பிடணும், புகை தெரிஞ்ச பிறகு இல்ல. ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மா பகல்ல கார் இல்லாம வீட்டுல தனியா இருக்காங்கன்னா, யார் வந்து கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே பேசி வைங்க. 131 450ல கூப்பிட்டு 'டமில்'னு சொன்னா மொழிபெயர்ப்பாளர் வருவார், அவர் வழியா 1800 226 226 விக்எமர்ஜென்சி எண்ணுக்கு இலவசமாப் பேசலாம்.

பொங்கல் சரியா தீ சீசன் நடுவுல வருது. 'டோட்டல் ஃபயர் பேன்' (வெளியில தீ மூட்டத் தடை) அறிவிச்ச நாள்ல கொல்லையில விறகு மூட்டிப் பானை வைக்கக்கூடாது, குற்றம். கேஸ் அடுப்புன்னா நிபந்தனையோட விடுவாங்க: சுத்தி 3 மீட்டர் எரியுற பொருள் இருக்கக்கூடாது, ஹோஸோ 10 லிட்டர் தண்ணியோ பக்கத்துல இருக்கணும், பெரியவங்க ஒருத்தர் விட்டு நகரக்கூடாது.

தீயில வீடு பாதிச்சா நிவாரணப் பணம் வருமான்னு சிலர் கேட்பாங்க. பெரிய பேரிடருக்கு மத்திய அரசு அறிவிச்சா பெரியவருக்கு 1000, குழந்தைக்கு 400 டாலர், ஒரே தடவை. அதுவும் இங்க குடியிருப்பாளரா இருக்கணும், இல்ல அவங்க பட்டியல்ல இருக்கிற விசா இருக்கணும். ஸ்டூடன்ட் விசாவுல இருக்கிறவங்க இதை நம்பி இருக்காதீங்க, வாடகை வீடா இருந்தாலும் உள்ள இருக்கிற சாமானுக்கு கன்டென்ட்ஸ் இன்ஷூரன்ஸ் போட்டு வைங்க.