வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: 40 மெயில் போட்டும் பதில் இல்லை, எங்கே தப்பு?

கடைசிபெஞ்ச் (கேள்வி):
மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. அடுத்த ஜூன்–ஆகஸ்டில் 12 வாரம் வெளிநாட்டு லேப் ஒன்றில் இன்டர்ன்ஷிப் பண்ணணும். பேராசிரியர்களுக்கு 40 மெயில் போட்டாச்சு. வந்தது ஒரே பதில், அதுவும் "இடமில்லை". என் மெயில் இப்படி ஆரம்பிக்கும்: "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்." இதில் என்ன கோளாறு? மெயிலை விட்டால் வேறு வழி இருக்கா? விசா வேலையை எப்போ தொடங்கணும்?

நூல்பிடி:
அந்த இரண்டு வரியை வேதியியல் பேராசிரியருக்கும் அனுப்பலாம், வரலாற்றுப் பேராசிரியருக்கும் அனுப்பலாம். கோளாறு அதுதான். அவருடைய கடந்த இரண்டு வருடக் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, அதில் ஓர் இடத்தைத் தொட்டு எழுதுங்கள். மாதிரிக்கு: "4-ஆம் படத்தில் வேகம் கூடும்போது சிமுலேஷனும் அளவீடும் விலகிப் போகின்றன. மெஷ்ஷை நுணுக்கினால் அந்த விலகல் குறைகிறதா என்று ஓப்பன்ஃபோம் (திரவ, வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) வைத்துப் பார்க்க என்னால் முடியும். இதே வகையில் செய்த கணக்கு இந்த லிங்கில் இருக்கிறது." அதன்பின் தேதி, எத்தனை வாரம், பணம் யார் தருவது. 150 சொல்லைத் தாண்ட வேண்டாம். சப்ஜெக்ட் வரியிலேயே மாதமும் தலைப்பும் தெரியட்டும். ரெஸ்யூமே ஒரே பக்கம், பிடிஎஃப்.

இன்னொன்று: பெயரை மட்டும் காப்பி-பேஸ்ட் செய்தால் அந்த ஒரு சொல் வேறு ஃபான்ட்டில் நிற்கும். மீதியை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள், அவர்கள் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் பெரும்பாலும் பிஎச்டி மாணவர் அல்லது போஸ்ட்டாக் (பிஎச்டி முடித்த ஆய்வாளர்). தினசரி உங்களைப் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்தான். அவருக்கு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடுதல். பத்து நாள் கழித்து அதே மெயில் தொடரில் ஒரு நினைவூட்டல், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாட்காட்டி:
வேறு வழி இருக்கு, ஆனா முதலில் தகுதி வரியைப் படிங்க. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் (RISE) ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்துக்கு உலகம் முழுக்க ஆட்கள் ஆசைப்படுறாங்க. அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் (Mitacs Globalink) ஆராய்ச்சிப் பயிற்சி 12 வாரம், அவங்க பட்டியலில் உள்ள நாட்டு மாணவர்களுக்குத்தான். முந்தின வருடமே விண்ணப்பம் முடிஞ்சிடும். ஜப்பானில் ஒகினாவாவின் ஓஐஎஸ்டி (OIST) ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இன்டர்ன்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், தினப்படி எல்லாம் தருது. ஜெனீவா பக்கத்து துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் (CERN) நடத்தும் கோடைக்காலத் திட்டம் இயற்பியலுக்கு மட்டுமில்லை, இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் மாணவர்களையும் எடுக்குறாங்க. ஐயஸ்டே (IAESTE) தொழில்நுட்ப மாணவர்களுக்காக 1948-இல் தொடங்கின பயிற்சிப் பரிமாற்ற அமைப்பு. உங்க நாட்டுக் குழு வழியாத்தான் போகணும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் 2 முதல் 12 மாதம் வரை பயிற்சிக்கு இடம் உண்டு, உங்க கல்லூரி அதில் சேர்ந்திருந்தால்.

முத்திரை:
ஆஃபர் வந்ததும் டிக்கெட் பார்க்காதீர்கள், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள். தாமதம் அங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் ஜே-1 (பரிமாற்ற விசா) இன்டர்ன் வகை என்றால், ஸ்பான்சர் (அமெரிக்க அரசு அங்கீகரித்த அமைப்பு) விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 படிவம் தர வேண்டும். அதற்கு முன் டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம்: என்ன கற்கிறீர்கள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பீடு. வாரம் குறைந்தது 32 மணி நேரம். எழுத்தர் வேலை 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. "குழுவுக்கு உதவுவார்" என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும். காப்பீட்டில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்: ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊர் கொண்டுவர 50,000 டாலர் என்று பாலிசியில் இருக்க வேண்டும். மலிவான பயணக் காப்பீட்டில் இரண்டாவது பெரும்பாலும் குறையும்.

பிரான்ஸில் 'கன்வென்ஷன் த ஸ்டாஜ்': மாணவர், கல்லூரி, நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம். இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை சட்டப்படி கட்டாயம். உங்கள் கல்லூரிக்கு இந்தப் படிவமே புதிதாக இருக்கும், கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று தேடுவதிலேயே வாரங்கள் போகும். ஜெர்மனியில் பாடத்திட்டப்படி கட்டாயமான பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் பொருந்தும். அதனால்தான் கம்பெனிகள் முதலிலேயே கல்லூரிச் சான்று கேட்கின்றன.

ஜூன் 1 தொடக்கம் என்றால், பிப்ரவரிக்குள் ஆஃபர் கையில் இருந்தால் மூச்சு விடலாம். முதல் உதவித்தொகை மாதக் கடைசியில்தான் வரும்; வாடகை, அட்வான்ஸ் சேர்த்து இரண்டு மாதச் செலவு கையில் வேண்டும்.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நன்றி. போய்ச் சேர்ந்த பிறகு? அப்புறம், பணம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி சொல்லுது.

நூல்பிடி:
ஏஜென்சியிடம் ஒரே கேள்வி: பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்தின் மெயில் முகவரியிலிருந்து மேற்பார்வையாளர் நேரடியாக எனக்கு எழுதுவாரா? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

ஸ்பேனர்:
12 வாரம் கண் மூடித் திறப்பதற்குள் போயிடும். ஆக்சஸ் கார்டு, கம்ப்யூட்டர் அக்கவுண்ட், பாதுகாப்புப் பயிற்சி மூணும் முதல் வாரத்தை விழுங்கும். வருவதற்கு முன்னாடியே மெயிலில் கேட்டு ஆரம்பிச்சு வைங்க. முதல் வெள்ளிக்குள் அரைப் பக்கம்: கடைசியில் என்ன ஒப்படைக்கணும், எது இந்த வேலையில் சேராது. மேற்பார்வையாளர் அதைத் திருத்தட்டும். மூன்றாம் வாரக் கடைசியில், எண்கள் தப்பா இருந்தாலும் பரவாயில்லை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடுற ஒரு வடிவம் வேணும். ஒன்பதாம் வாரத்தில் இதைச் செய்யறவங்கதான் அரைகுறையா விட்டுட்டுப் போறாங்க.

ஒரு மணி நேரம் முட்டியும் நகரலைன்னா கேளுங்க. "வேலை செய்யல" என்று கேட்காதீங்க. என்ன கொடுத்தீங்க, என்ன எதிர்பார்த்தீங்க, என்ன வந்தது, இந்த மூணையும் சொல்லுங்க. மீட்டிங்கில் பேசாம இருந்தா மரியாதைன்னு எல்லா இடத்திலும் எடுத்துக்க மாட்டாங்க, புரிஞ்சிடுச்சுன்னு எடுத்துப்பாங்க.

கடைசி இரண்டு வாரம் புது வேலை எதையும் தொடாதீங்க. கோப்புகளை ஒழுங்கு பண்ணி, பக்கத்து சீட்டுக்காரர் உங்க குறிப்பை மட்டும் வச்சு ஓட்டிப் பார்க்கட்டும். லேப்பில் எழுதின புரோகிராமையோ டேட்டாவையோ சொந்த கிட்ஹப் (புரோகிராம்களைப் பகிரும் தளம்) கணக்கில் ஏத்தாதீங்க. எதை வெளியில் காட்டலாம்னு எழுத்தில் வாங்கிக்கோங்க. பரிந்துரைக் கடிதம் கேட்கிற நேரமும் அதுதான், செஞ்ச வேலைப் பட்டியலோடு.