ஆளில்லா டாக்சிக்குப் பின்னால் ஆள் இருக்காமே: மெமோ யாருக்கு?

பழைய டிரைவர்:
எல்லாருக்கும் வணக்கம். 29 வருஷம் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவன். சான் பிரான்சிஸ்கோவுல மக வீட்டுக்கு வந்திருக்கேன். போன வாரம் மாப்பிள்ளை டிரைவர் இல்லாத டாக்சியில கூட்டிட்டுப் போனார். பின் சீட்டுலதான் உட்கார்ந்தேன், ஆனா வலது கால் தானா பிரேக்கைத் தேடுது. ஓட்டத்துல குறை சொல்ல முடியாது. இண்டிகேட்டர் போடாம லேன் மாறல, நடந்து போறவங்களுக்கு நின்னு வழி விட்டுச்சு. பழகுநர் வண்டி ஓட்டுற பையன் மாதிரி ஒரே ஒழுக்கம்.

ஒரு இடத்துல சரக்கு வேன் ஒண்ணு பாதி ரோட்டை அடைச்சு நிக்குது. பக்கத்துல பள்ளம் தோண்டி ஆரஞ்சுக் கூம்பு வச்சிருக்காங்க. நம்ம கார் நின்னுடுச்சு. இருபது செகண்ட் இருக்கும், பின்னால ஹாரன். அப்புறம் யாரோ காதுல சொன்ன மாதிரி மெதுவா இடது பக்கம் ஒடிச்சு, மஞ்சக் கோட்டைத் தாண்டி, வேனைச் சுத்திப் போயிடுச்சு. "மாமா, எங்கேயோ ஒருத்தர் கேமராவுல பார்த்து வழி சொல்லியிருப்பார்"ங்கிறார் மாப்பிள்ளை. "இல்லப்பா, எல்லாம் கம்ப்யூட்டர்தான்"ங்கிறா மக. ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறாங்க!

அப்படி ஒருத்தர் இருந்தா, அவர் ஓட்டுறாரா, வழி மட்டும் சொல்றாரா? அவர் சொன்னது தப்பாப் போனா மெமோ யாருக்கு வரும்?

சாண்டா கிளாரா தம்பி:
ஐயா, அன்னைக்கு நடந்தது ரெண்டுல எதுவாவும் இருக்கலாம். வண்டிக்குள்ள இருந்து கண்டுபிடிக்க முடியாது. பொதுவா எப்படி வேலை செய்யுதுன்னா, இந்த மாதிரி டாக்சி விடுற வேமோங்கிற கம்பெனி 2024 மே மாசம் தன் முறையை விளக்கி எழுதியிருந்தது. குழப்பம் வந்தா கார் கேள்வி கேட்கும்: இந்தப் பாதை அடைச்சிருக்கா, இல்லையா? தூரத்துல உட்கார்ந்திருக்கிற உதவியாளர் கேமராப் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வார். சில சமயம் திரையில ஒரு பாதையைக் காட்டுவார். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கார்கிட்டயேதான். அவர் சொன்னது சரியில்லைன்னு பட்டா கார் அதை ஏத்துக்காமலும் இருக்கலாம்.

நேரடியா ஓட்டாததுக்குக் காரணம் மொபைல் நெட்வொர்க். மணிக்கு 40 கி.மீ. வேகத்துல போற கார், படம் கால் செகண்ட் தாமதமா வந்தா அதுக்குள்ள கிட்டத்தட்ட 3 மீட்டர் போயிருக்கும். அதுக்காக தூரத்துல இருந்து ஓட்டுறவங்களே இல்லைன்னு அர்த்தமில்லை. லாஸ் வேகாஸ்ல 'வே'ங்கிற ஜெர்மன் கம்பெனி வாடகைக் காரை அப்படித்தான் உங்க வாசலுக்குக் கொண்டுவருது. திரைக்கு முன்னால ஸ்டியரிங்கோட ஒரு டிரைவர் உட்கார்ந்திருப்பார். அப்புறம் நீங்க ஏறி நீங்களே ஓட்டணும்.

கூட்டல் கணக்கு:
தம்பி ரொம்ப மென்மையா சொல்றார். இதே மாதிரி டாக்சி விட்ட குரூஸ் கம்பெனி கதையை விட்டுட்டீங்களே. 2023 அக்டோபர்ல வேற கார் மோதித் தூக்கி எறிஞ்ச ஒரு பெண்ணை, குரூஸ் கார் அடியில சிக்கவச்சு சுமார் 20 அடி இழுத்துட்டுப் போச்சு. அனுமதி பறிபோச்சு. அடுத்த மாசம் நியூயார்க் டைம்ஸ் எழுதினது: ஒரு காருக்கு 1.5 பணியாளர், 2.5 முதல் 5 மைலுக்கு ஒரு தடவை மனுஷத் தலையீடு. அப்போ சி.இ.ஓ.வா இருந்த கைல் வோக்ட், சராசரியா 2 முதல் 4 சதவீத நேரம்தான் தொலைதூர உதவின்னு பதில் சொன்னார். சரி, அவர் கணக்கையே எடுத்துக்குங்க. ஒரு மணி நேரத்துல ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆள் தேவை. சும்மா டிரைவர் இல்லைன்னு மட்டும் போர்டு வைக்காதீங்க.

வேமோவும் விதிவிலக்கு இல்லை. 2025 டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல கரண்ட் போய் சிக்னல் எல்லாம் அணைஞ்சப்போ, கார்கள் ஒரே நேரத்துல "போகலாமா?"ன்னு கேட்க ஆரம்பிச்சு, பதில் வர நேரமாகி நடுரோட்டுல நின்னுச்சு. உதவியாளர்கள்ல சிலர் பிலிப்பைன்ஸ்ல இருக்காங்கன்னு 2026 பிப்ரவரியில அமெரிக்க செனட் விசாரணையில அந்தக் கம்பெனியே ஒத்துக்கிச்சு.

பழைய டிரைவர்:
இப்போ புரியுது. இது நம்ம கண்டக்டர் வேலை. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறப்போ கண்டக்டர் இறங்கி நின்னு "வரலாம், வரலாம், ஹோல்டான்"னு குரல் குடுப்பார். ஸ்டியரிங் என் கையில, கண்ணு அவரோடது.

ஒரு தடவை "வரலாம்"னு கேட்டு வந்து ஒரு டீக்கடைக் கீத்துக் கொட்டகையைச் சாய்ச்சேன். கண்டக்டர் அந்த நேரம் யார்கிட்டயோ சில்லறைக்குச் சண்டை போட்டுட்டு இருந்திருக்கார். "வரலாம்"னு சொன்னது வேற பஸ் கண்டக்டர்! மெமோ எனக்குத்தான். "குரல் யாரோடதுன்னு தெரியாம ஏன் எடுத்தே?"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான்னு இப்போ தோணுது. அதனாலதான் மறுபடி கேட்கிறேன். பிலிப்பைன்ஸ்காரர் "வரலாம்"னார், கார் வந்துது, கொட்டகை சாஞ்சுது. யாரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க?

சாண்டா கிளாரா தம்பி:
கொட்டகை மாதிரியே ஒண்ணு நடந்திருக்கு ஐயா. 2024 ஜனவரியில இதே ஊர்ல, வேமோ உதவியாளர் சிவப்பு விளக்கைக் கவனிக்காம போகலாம்னு சொல்லிட்டார், காரும் நகர்ந்துடுச்சு. எதிர்ல வந்த மொபெட்காரர் தடுமாறி விழுந்தார், மோதல் இல்லை.

மெமோ விஷயத்துல சட்டம் பின்தங்கித்தான் இருந்துச்சு. 2025 செப்டம்பர்ல பக்கத்து ஊரான சான் புரூனோ போலீஸ் ஒரு வேமோவைத் தப்பான யு-டர்னுக்காக நிறுத்தினாங்க, ஆனா டிக்கெட் எழுத டிரைவர் இல்லை. ரோபோவுக்குன்னு படிவத்துல கட்டம் இல்லைன்னு அவங்களே கிண்டலா பதிவு போட்டாங்க. அந்த மாதிரி நேரத்துல கம்பெனி பேர்லயே விதிமீறல் நோட்டீஸ் குடுக்க கலிபோர்னியா சட்டம் போட்டிருக்கு. அமல் தேதி 2026 ஜூலை 1. "போகலாம்"னு சொன்னவர் பேர் அதுல வராது.

கட்டம் போடுறவள்:
சேலம் பக்கம் ஒரு ஆபீஸ்ல ரோட்டு வீடியோவுல கார், சைக்கிள், ஆளுங்க மேல கட்டம் போடுற வேலை பார்த்தேன். நீங்க பேசுற வேலை வேற, அது நேரலை. எங்களுது எப்பவோ எடுத்த வீடியோ, காருக்குக் கத்துக்குடுக்க. பறக்குற பிளாஸ்டிக் கவர் பொருளா இல்லையான்னு அரைநாள் சண்டை போட்டிருக்கோம். அந்த ஊரு ரோட்டுல எங்கே குப்பைத்தொட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும், ஊரு பேரு தெரியாது.

பழைய டிரைவர்:
அம்மாடி, நான் நல்லபடியா வீடு வந்ததுல உன் கட்டத்துக்கும் பங்கு இருக்கும்போல. நன்றிம்மா.

நேத்து மறுபடி போனோம். உதவி பட்டனை அமுக்கிட்டேன். ஒரு பெண் குரல் வந்துது, "யாரும்மா வழி சொல்றது?"ன்னு தமிழ்லயே கேட்டுட்டேன். மக மன்னிப்புக் கேட்டு வச்சுட்டா. அது பயணிகளுக்கான உதவியாம், வழி சொல்றவங்க வேற ஆளுங்களாம். அவங்களோட பேச எந்தப் பட்டன்?

சாண்டா கிளாரா தம்பி:
அப்படி ஒரு பட்டன் கிடையாது ஐயா. அவங்களைக் கூப்பிட காராலதான் முடியும்.